நீருக்குள் ஒரு கண்

நுழையும்முன்

கடலின் மேற்பரப்பை மட்டுமே கண்டு, அதன் அடியில் நிகழ்வதை உய்த்துணர்ந்து தொழில் செய்பவர் மீனவர். கையில் பிடித்திருக்கும் நரம்பின் அசைவே நெடுங்காலமாக அவருக்குக் கண்ணாக இருந்து வந்தது. இன்று அந்த நரம்பின் நுனியில் ஒரு கண் உண்மையாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அது காட்டுவது எது? கண்டபின் மனிதர் செய்ய வேண்டுவது எது? இவ்வினாக்களை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

தெளிவும் கலங்கலும்

பழனி மலைத்தொடரின் சரிவுகளில் பெய்யும் மழை, ஓடைகளாகத் திரண்டு மருதாநதியாக இறங்குகிறது. திண்டுக்கல் மாவட்டம் அய்யம்பாளையத்தை அடுத்துள்ள அணையில் சிறிது காலம் தேங்கி, தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் பாய்ந்து, எஞ்சியது வைகையோடு சேர்கிறது. மலைமேல் கூழாங்கற்களுக்கிடையே ஓடும்போது அந்நீர் பளிங்குபோல் இருக்கும். அதில் நீந்தும் சிறுமீன்களைக் கரையில் நிற்கும் குழந்தையும் எண்ணிவிடலாம். மழைக்காலத்தில் அதே நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு அணைக்குள் புகும்போது, ஒரு முழ ஆழத்தில் இருப்பதுகூடத் தெரிவதில்லை. நீர் ஒன்றுதான், மேலே மீனைக் காட்டியது, கீழே மீனை மறைக்கிறது.

மீன்பிடித்தல் என்னும் தொழில் முழுவதும் இந்த மறைப்பின்மேல்தான் நிற்கிறது. நிலத்தில் வேட்டையாடுபவர் விலங்கைப் பார்த்துக் குறி வைக்கிறார். மீனவரோ பார்க்காத ஒன்றுக்காக வலையை விரிக்கிறார். காணாத வாய்க்கு இரையை நீட்டுகிறார். அணையில் பரிசலேறி வலைவிரிப்பவருக்கும், வைகை சென்று சேரும் பாக் நீரிணையில் வள்ளம் செலுத்துபவருக்கும் இது பொது.

கலங்கல் இல்லாத இடத்திலும் நீர் முழுவதையும் காட்டிவிடுவதில்லை. கதிரவன் ஒளியில் உள்ள நிறங்களை அது ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதல் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே ஒரு செந்நிற மீன் சாம்பல் நிறமாகத் தோன்றும். நீல நிறமே நெடுந்தொலைவு இறங்கும். தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே தாவரங்கள் உணவு தயாரிக்கப் போதிய ஒளி இராது. 1000 மீட்டருக்குக் கீழே பகலவனின் ஒளி அறவே இல்லை. மூழ்குபவர் கண்ணாடி அணிந்து பார்த்தாலும், ஒளிவிலகலால் பொருள்கள் உள்ள தொலைவைவிட நான்கில் ஒரு பங்கு அருகிலும், உள்ள அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். நீருக்குள் பார்ப்பது என்பது புதிதாகக் கற்க வேண்டிய ஒரு கலை.

கையே கண்ணான காலம்

அக்கலையைக் கருவிகள் வருமுன்பே தமிழ்க் கடற்கரை கற்றிருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியோர், மூச்சை அடக்கிய சில நொடிகளில் கடலடியை நேரில் கண்டனர். முத்துச்சிப்பிகள் செறிந்த கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்று பெயரிட்டு வழங்கினர். அவர்களைப்போல் மூழ்காத தூண்டில்காரரோ கையால் கண்டார். ஈயக்கட்டி தரையைத் தொடும்போது அது சேற்றில் அமிழ்கிறதா, மணலில் அமர்கிறதா, பாறையில் தட்டுகிறதா என்பதை நரம்பின் வழியே அவர் விரல் அறியும். கொத்துவது எந்த மீன் என்பதையும், அது இரையைச் சுவைக்கிறதா விழுங்குகிறதா என்பதையும் பட்டறிவு மிக்க விரல்கள் பிரித்தறியும்.

கரை தெரியும் தொலைவில் உள்ள பாரை மீண்டும் மீண்டும் தவறாது சென்றடைய ஒரு முறை இருந்தது. குமரி மாவட்டத்திலும் அதையடுத்த திருவனந்தபுரக் கரையிலும் அதனைக் ‘கணிச்சம்’ என்பர். கரையில் உள்ள ஒரு கோபுரமும் அதன் பின்னே தொலைவில் தெரியும் மலைமுகடும் ஒரே நேர்க்கோட்டில் வருமாறு படகைச் செலுத்த வேண்டும். வேறொரு திசையிலும் அவ்வாறே இரண்டு அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். இவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியின் அடியில் பார் இருக்கும். கணக்குப் பாடத்தில் வடிவியல் என்று படிப்பதை, கடலில் வாழ்க்கையாகச் செய்தவர்கள் அவர்கள். இக்கணிச்சங்கள் எழுதி வைக்கப்படவில்லை. மூத்தோரிடமிருந்து இளையோருக்கு வாய்மொழியாக வந்தன. எல்லாருக்கும் சொல்லப்படவும் இல்லை.

திருவனந்தபுரக் கடற்கரையைச் சேர்ந்த இராபர்ட் பனிப்பிள்ளை, மூத்த மீனவர்களின் இவ்வறிவைத் துணையாகக் கொண்டு கடலடிப் பார்களுக்கு மூழ்கிச் சென்று, அங்குள்ள உயிரினங்களை ஒளிப்படக்கருவியால் பதிவு செய்தார். ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ என்னும் அமைப்பின் வழியாக அப்பதிவுகளைப் பலருக்கும் காட்டினார். இதில் நினைக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்தக் கருவி எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கப் போகவில்லை. முன்பே அறியப்பட்டிருந்த ஒன்றுக்குச் சான்று கூறப் போயிற்று. மீனவர் சொல்லை நம்பாத உலகம், படத்தை நம்பியது.

நீருக்குள் சென்ற கருவி

நீருக்குள் ஒளிப்படம் எடுக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. பிரான்சு நாட்டின் உயிரியலறிஞர் லூயி பூட்டான், 1893இல் அந்நாட்டின் தென்கடற்கரையில் உள்ள பன்யூல்சு என்னும் ஊரில், நீர்புகாப் பெட்டிக்குள் கருவியை வைத்துக் கடலடியைப் படம் எடுத்தார். 1926இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் வில்லியம் லாங்லி, சார்லசு மார்ட்டின் என்னும் இருவர், மக்னீசியத் தூளைக் கடல்மேல் எரித்து அதன் வெளிச்சத்தில் மீன்களின் வண்ணப்படங்களை எடுத்தனர். 1956இல் வெளிவந்த ‘அமைதி உலகம்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் திரைப்படத்தின் வாயிலாக, ழாக் கூசுத்தோ கடலின் உட்புறத்தை உலகெங்கும் உள்ள திரையரங்குகளுக்குக் கொண்டு வந்தார். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஆள் செல்லாமலே 6000 மீட்டர் ஆழம்வரை இறங்கிப் படம் எடுக்கத்தக்க ஊர்தியை உருவாக்கியது.

ஒரு காலத்தில் ஆய்வுக் கப்பலுக்கு மட்டுமே உரியதாக இருந்த இக்கருவி, இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. தூத்துக்குடி, இராமநாதபுரக் கடற்கரைகளின் இளம் மீனவர் சிலர் தம் கடற்பயணங்களைக் காணொளியாகப் பதிவு செய்து, கடலையே காணாதவர்களுக்கும் காட்டி வருகின்றனர். வலைக்குள் மீன் நுழைவதையும் தூண்டிலை மீன் அணுகுவதையும் உள்நாட்டு ஊர்களில் வாழ்பவர்களும் இன்று பார்க்க முடிகிறது.

ஓடும் படகும் பின்தொடரும் மீனும்

தூண்டில் முறைகளுள் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்வது. ஆங்கில வழக்கில் இதனை ‘ட்ரோலிங்’ என்பர். வஞ்சிரம், சூரை, பாரை முதலிய மீன்கள் விரைந்து நீந்தி, தப்பியோடும் சிறுமீன்களைத் துரத்தி உண்பவை. ஆகவே அவற்றுக்கு நிற்கும் இரையைவிட ஓடும் இரையே கவர்ச்சியானது. படகு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் செல்ல, ‘தங்கூசி’ எனப்படும் நைலான் நரம்பின் முனையில் உண்மை மீனோ, மீன்போல் மின்னும் போலி இரையோ துள்ளித் துள்ளி வரும். வஞ்சிரத்தின் பற்கள் நரம்பை அறுத்துவிடும் என்பதால், கொக்கிக்கு முன்னால் சிறிது தொலைவு கம்பி கட்டுவது வழக்கம்.

-----
தெரிந்து தெளிவோம்

ட்ரோலிங், ட்ராலிங் என்னும் இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை. செயலால் மிகவும் வேறுபட்டவை. முன்னது, படகின் பின்னே தூண்டிலை இழுப்பது. ஒரு கொக்கியில் ஒரு மீன் மட்டுமே சிக்கும். பின்னது, இழுவைமடியைக் கடலடியை ஒட்டி இழுத்துச் செல்வது. அளவும் இனமும் பாராது வழியில் உள்ளவற்றை அது வாரிவரும். இந்தியாவில் ட்ராலிங் முறை, 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே மீன்வளத் திட்டத்தின் வழியாகப் பரவலாயிற்று.
-----

இத்தகைய தூண்டிலோடு நீரடி ஒளிப்படக்கருவியை இணைக்கும் வழக்கம், பொழுதுபோக்காக மீன்பிடிப்போரிடையே உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கிறது. மீன்வடிவில் குவிந்த முகப்பும் வாலில் துடுப்புகளும் கொண்ட சிறு உறைக்குள் கருவி இருக்கும். துடுப்புகள் இல்லையெனில் அது நீரில் சுழன்று, நரம்பை முறுக்கிவிடும். இரைக்கு ஓரிரு மீட்டர் முன்னால் நரம்பில் கட்டப்பட்டு, பின்னோக்கி இரையைப் பார்த்தவாறு அது இழுபட்டுச் செல்லும். வானொலி அலைகள் கடல்நீருக்குள் நெடுந்தொலைவு செல்லா. எனவே கருவி காண்பதை அப்போதே படகில் காண வேண்டுமெனில் கம்பிவடம் தேவை. வடம் இல்லாத கருவி, கண்டதைத் தன்னுள்ளேயே சேமித்து வைத்து, கரைக்கு வந்தபின்தான் சொல்லும்.

அது சொல்லும் செய்தி எளிதானது. ஆயினும் மனத்தைத் தைப்பது. ஒரு மீனும் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பிய நாளிலும், இரையின் பின்னே மீன்கள் வந்திருக்கும். ஒன்று நெடுநேரம் தொடர்ந்து வந்து, முகர்வதுபோல் நெருங்கி, திடீரென விலகிப் போயிருக்கும். மற்றொன்று வாலை மட்டும் கடித்துப் பார்த்திருக்கும். ஒன்று துணிந்து வந்தபோது வேறொன்று குறுக்கிட்டிருக்கும். படகில் இருந்தவர் விரலுக்கு இவற்றுள் எதுவும் எட்டியிராது. நரம்பு அசையவில்லை, ஆகவே மீன் இல்லை என்று அவர் முடிவு செய்திருப்பார். சில நாள்களில் மீன் விலகியதன் காரணமும் தெரியவரும். கொக்கியில் ஒரு கடற்பாசியோ நெகிழித்துண்டோ சிக்கியிருக்கும். அதைச் சுமந்தபடி இரை மணிக்கணக்காக வீணே இழுபட்டிருக்கும்.

படகு திரும்பும்போது நிகழ்வது இன்னும் கருதத்தக்கது. வளைவின் உட்புறம் உள்ள இரை வேகம் குறைந்து தாழ்கிறது. வெளிப்புறம் உள்ளது வேகம் கூடி எழுகிறது. அதுவரை சீராகத் தொடர்ந்து வந்த மீன், அந்த மாற்றத்தைக் கண்ட நொடியில் பாய்கிறது. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, நீரின் மிகச்சிறு அதிர்வையும் அறியவல்லது. நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து படகைச் செலுத்தும் பழக்கம் தூண்டில்காரரிடையே முன்பே உண்டு. ஏன் என்று கேட்டால், அப்படிச் செய்தால் மீன் எடுக்கும் என்பதே விடையாக இருக்கும். கருவி அந்த ‘ஏன்’ என்பதற்கு ஒரு படத்தைக் கொடுத்தது.

எண்ணுவதற்கான கண்

மீனைப் பிடிக்கப் பயன்படும் அதே கண், மீனைப் பிடிக்காமலே அறியவும் பயன்படுகிறது. இசுக்காட்லாந்தின் அபர்தீன் நகரில் உள்ள கடல் ஆய்வகத்தினர், இழுவைமடியின் வாயருகே நிகழ்வதைப் படம் எடுத்து ஆராய்ந்தனர். வலையின் வாய்க்கு முன்னால் மீன்கள் வலையின் வேகத்துக்கு ஈடாக நீந்துகின்றன. வலுவுள்ளவரை நீந்தி, களைத்தபின்னரே பின்வாங்கி வலைக்குள் விழுகின்றன. இத்தகைய காட்சிகளைக் கண்டபின்னரே, வேண்டாத சிறுமீன்கள் தப்பிச் செல்ல வலையில் எங்கே வழி விடலாம் என்று திட்டமிட முடிந்தது.

இரை வைத்த கூடையின் முன்னே ஒளிப்படக்கருவியைக் கடலடியில் இறக்கி வைத்து, வரும் மீன்களை எண்ணும் முறையும் உண்டு. ஒரே மீன் பலமுறை வந்து போகக்கூடும். வந்தவற்றையெல்லாம் கூட்டினால் பத்து மீன் நூறாகிவிடும். ஆகவே, ஒரு நேரத்தில் ஒரே சட்டகத்தில் மிகுதியாகத் தெரிந்த எண்ணிக்கையை மட்டுமே ஆய்வாளர் கணக்கில் கொள்வர். மிகைப்படுத்தாமல் எண்ண வேண்டும் என்னும் நேர்மை அம்முறையிலேயே அமைந்திருக்கிறது.

தமிழகத்தில் மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளைத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மூழ்கிச் சென்று தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். 2016ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் மிகுதியாக வெப்பமடைந்தபோது அங்குள்ள பவளங்கள் வெளிறின. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் கடல் அப்போதும் நீலமாகவே தெரிந்தது. நீருக்கடியில் கண் இருந்ததால்தான் அத்துயரம் பதிவாயிற்று.

அறிவும் அளவும்

மீன் எதை விரும்புகிறது என்று அறிந்துகொள்வதன் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. காய் உதிர்த்தபின் எஞ்சும் தென்னங்குலைத் தண்டு, அய்யம்பாளையம் போன்ற தோப்பூர்களில் அடுப்புக்கு விறகாகும். கடற்கரையிலோ அதற்கு வேறொரு பயன் இருந்தது. கணவாய் தன் முட்டைகளைக் கடலடியில் உள்ள கிளைத்த பொருள்களில் கொத்துக்கொத்தாக ஒட்டி வைக்கும் இயல்புடையது. இதனை அறிந்த குளச்சல் பகுதி மீனவர், அத்தகைய தண்டுகளைக் கட்டாகக் கட்டி, பளுவைத்துக் கடலில் இறக்கினர். முட்டையிட வந்த கணவாய்களை அங்கே தூண்டிலால் பிடித்தனர். கருநாடகக் கடற்கரைக்குச் சென்று தொழில் செய்தபோதும் இம்முறையைக் கையாண்டனர்.

உயிரினத்தின் இயல்பை நுணுகி அறிந்த கூர்மை அதில் உள்ளது, மறுக்க இயலாது. ஆனால் பிடிபட்டவை முட்டையிட வந்த தாய்க் கணவாய்கள். முட்டைகள் ஒட்டிய தண்டுகளைச் சுற்றியே பிடிப்பு நிகழ்ந்தது. அடுத்த தலைமுறை பிறக்குமுன் இன்றைய தலைமுறையை எடுத்துவிடும் முறை இது என்று மீன்வள ஆய்வாளர்கள் கவலை தெரிவித்தனர். அப்பகுதியின் பிற மீனவர்களோடு பூசலும் மூண்டது. வறுமையும் கடனும் துரத்த, கடல்கடந்து தொழில் தேடிச் சென்றவர்களைக் குறைகூறுவது எளிது. அவர்கள் இடத்தில் நின்று வேறு வழி காண்பது அரிது. எனினும் கடல் அவர்கள் துயரை அறியாது. எடுத்ததை ஈடுசெய்யக் காலம் கிடைத்தால் அது தரும், கிடைக்காவிட்டால் தராது.

இங்கே ஒளிப்படக்கருவியைப் பற்றிய வினா மீண்டும் எழுகிறது. மீனவருக்கு மீனை மறைத்த அதே நீர், மீனுக்குக் காவலாகவும் இருந்தது. கணிச்சம் அறிந்த சிலரே அடையக்கூடிய பார், பலர் அறியாததாலேயே பிழைத்திருந்தது. கலங்கல் நீரும் தொலைவும் இருளும் மனிதரின் ஆசைக்கு இயற்கை இட்ட வேலிகள். இன்று எதிரொலியால் ஆழத்தையும் மீன்திரளையும் காட்டும் கருவி படகில் உள்ளது. செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் கருவி, ஒருவரின் கணிச்சத்தை ஒரு நொடியில் ஊரார்க்கெல்லாம் உரியதாக்குகிறது. இவற்றோடு நீருக்குள் கண்ணும் சேரும்போது, பழைய வேலிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன.

விழுந்த வேலிக்கு ஈடாக மனிதரே ஒரு வேலி இட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. மீன்கள் இனம்பெருகக் கிடைக்கும் இடைவெளி அது. பாக் நீரிணையில் ஆவுளியா எனப்படும் கடற்பசுவைக் காக்க, 2022இல் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இழுவைமடியைக் கைவிட்டு ஆழ்கடல் தூண்டிலுக்கும் செவுள்வலைக்கும் மாற விரும்புவோருக்கு உதவும் அரசின் திட்டம் 2017இல் தொடங்கியது. சட்டம் இடும் வேலிகள் இவை. கடல் நடுவே, காவலர் இல்லாத இடத்தில், தூண்டில் பிடித்த கைக்கு அந்த வேலியைக் காப்பது அதன் உரிமையாளரின் மனமே.

ஒற்றைக் கொக்கியில் ஒரு மீனைப் பிடிக்கும் தொழிலுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. சிக்கியது சிறியதாயின், உயிரோடு இருக்கும்போதே அதைக் கழற்றி விட்டுவிட முடியும். இழுவைமடியில் வந்து கொட்டிய குவியலுக்கு அந்த வாய்ப்பு அரிது. பார்த்துப் பிடிக்கும் தொழில், பார்த்து விடவும் இடம் தருகிறது.

நீரடிக் கண் காட்டும் படத்தை இரண்டு வகையாகப் படிக்கலாம். நூறு மீன் வந்தும் ஒன்றுதான் சிக்கியது, எஞ்சிய தொண்ணூற்றொன்பதையும் சிக்க வைப்பது எப்படி என்று படிப்பது ஒரு வகை. நூறு மீன் இன்னும் இங்கே வாழ்கின்றன, ஒன்றை எடுத்துக்கொண்டோம், நாளையும் வரலாம் என்று படிப்பது மற்றொரு வகை. படம் ஒன்றே. முதல் வகையில் படித்தவர், சில ஆண்டுகளில் மீனில்லாத வெறும் நீலத்தையே தம் கருவியில் காண நேரும். இரண்டாம் வகையில் படித்தவரின் பிள்ளைகள், அதே பாரின்மேல் அதே கணிச்சத்தோடு நரம்பை இறக்குவார்கள். அவர்கள் விரலில் அது அசையும்.